முன்னறிவு: இல்லை

நிலா ஏன் தேய்கிறது, ஏன் வளர்கிறது என்ற பாடத்தை இருநூற்றுப் பதினோரு தடவை படித்து, ஒவ்வொரு தடவையும் ஒன்றுமே தெரியாதவளாகப் போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்த மாணவி இந்த உலகத்தில் ஒருத்திதான் இருந்தாள். படித்தது மண்டையில் ஏறாமல் போனதால் அல்ல. தெரியாமல் உட்காருவதுதான் அவள் செய்த உதவி.

உத்தியோகம் என்று பார்த்தால் அவள் பல்கலைக்கழகத்தில் டெலிபோன் ஆபரேட்டர். ஆறு வயதில் வந்த காய்ச்சல் இரண்டு கண்ணையும் கொண்டுபோய்விட்டது. "கடவுள் கண்ணை எடுத்துட்டுக் காதைக் கொடுத்தாரு" என்று யாராவது உருகினால் அவளுக்குப் பிடிக்காது. "காது எல்லாருக்கும் இருக்கிற காதுதான். நான் வேலை வாங்கறேன், நீங்க உக்கார வெச்சு சோறு போடறீங்க" என்பாள்.

அந்தக் காதைப் பற்றி ஆயிரம் கதை உண்டு. பதிவாளர் போனை எடுத்து மூச்சு விட்டாலே, "பல் டாக்டர் நம்பர்தானே சார்?" என்பாளாம். நூலகர் இருமினால், "சார், இன்னைக்கு மூணு பட்டன் போட்ட சட்டை" என்பாளாம். பட்டன் கதையை நான் அவ்வளவாக நம்பவில்லை. ஆனால் சொன்னவர் நூலகரே. ஒன்று மட்டும் சத்தியம். இருபது வருடம் அந்தப் பலகை முன்னால் உட்கார்ந்தவள், ஒரு தடவை பேசிய ஆளிடம் "யார் பேசறது?" என்று மறு தடவை கேட்டதே இல்லை. குரலை வைத்தே எல்லோருக்கும் பெயர் சூட்டியிருந்தாள். பதிவாளர் கரகரப்பு. நூலகர் கொட்டாவி. சரக்கறை எழுத்தர் ஜலதோஷம். "எங்கிட்ட வாயால யாரும் பொய் சொல்ல முடியாது" என்று அவளுக்கு ஒரு கர்வம். அந்தக் கர்வத்தில்தான் பின்னால் அடி விழுந்தது.

அந்தப் பல்கலைக்கழகத்தில் உடல் குறைபாடு உள்ள மாணவர்களுக்கு எப்படிப் பாடம் எடுப்பது என்று ஆசிரியர்களுக்குச் சொல்லித்தர ஒரு வருடப் படிப்பு ஒன்று உண்டு. கடைசியில் செய்முறைத் தேர்வு. ஒவ்வொரு பயிற்சி ஆசிரியரும் வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முன்னால், பார்வையற்ற மாணவர் ஒருவருக்கு அரைமணி நேரம் பாடம் எடுக்க வேண்டும். அதில் ஒரு கூத்து. தேர்வு வரும் மாதத்தில் பார்வையற்றோர் பள்ளிக்கு விடுமுறை. முதல் வருடம் தேர்வன்று காலையில்தான் இது யாருக்கோ உறைத்தது. அப்போதைய பேராசிரியர் மாடிப்படியை நாலு நாலாகத் தாண்டி டெலிபோன் அறைக்கு ஓடிவந்தார்.

"ஒரு அரைமணி நேரம் எழுந்து வாம்மா. புண்ணியமாப் போகும்."

அந்த அரைமணி நேரம் பத்தொன்பது வருடம் ஓடியது. அவள் பெயரே முதல்பெஞ்சு என்று ஆகிவிட்டது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அவளுடைய சொந்தப் பெயரை யாரும் எழுதிப் பார்த்ததில்லை.

பயிற்சி ஆசிரியர்கள் கொண்டுவரும் பாடங்கள் மொத்தம் ஏழெட்டுதான். ரப்பர் குழாயில் இதயம், நூல் ஒட்டிய தேசப்படம், முள் துருத்திய கடிகாரம். எல்லாவற்றையும்விட அதிகம் நிலா. ஒரு மேஜைவிளக்கு, ஒரு களிமண் உருண்டை போதும் என்பதால் சோம்பேறிகளுக்கெல்லாம் நிலா. அதிலும் பாதிப்பேர் தப்பாகச் சொல்வார்கள். பூமியின் நிழல் விழுந்துதான் நிலா தேய்கிறது என்று அடித்துச் சொல்லுவார்கள். அத்தனை தப்பான விளக்கங்களைக் கேட்டுக் கேட்டு, ஒருநாள் ஒரு களிமண் உருண்டையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்து, டெலிபோன் பலகைக்கு முன்னால் மேஜைவிளக்கைப் போட்டு வைத்துக்கொண்டு உருட்டி உருட்டிச் சரியானதை அவளே கண்டுபிடித்தாள். உருண்டையில் பாதியை வழவழவென்று தேய்த்தாள். மறுபாதியில் சீப்பால் கீறிச் சொரசொரப்பாக்கினாள். வழவழப்பு வெளிச்சம், சொரசொரப்பு இருட்டு. வழவழப்பு எப்போதும் விளக்கின் சூட்டைப் பார்த்தபடி இருக்க, உருண்டையைத் தன்னைச் சுற்றிக் கொண்டுவந்தாள். தன் பக்கம் தெரிகிற பாதியை மட்டும் விரலால் தடவினாள். ஒரு இடத்தில் முழுக்கச் சொரசொரப்பு, போகப் போக ஓரத்தில் கொஞ்சம் வழவழப்பு, பிறகு பாதி, பிறகு முழுசும். அவ்வளவுதான் நிலா. நிழலுக்கு அங்கே வேலையே இல்லை.

இதைத் தெரிந்துகொண்டு அவள் என்ன செய்தாள்? தெரியாதவளாகப் போய் உட்கார்ந்தாள். "நிலா ஏன் தேயுதுன்னு தெரியுமா?" என்று கேட்டால், "தெரியாது டீச்சர்." பாதியில் ஒரு தப்புக் கேள்வி, பாதிக்கு மேல் ஒரு சரியான சந்தேகம், கடைசியில் ஒரு "ஓ!"

அந்த 'ஓ'வில் மூன்று தரம் வைத்திருந்தாள். கடனே என்று வந்தவர்களுக்குப் பாஸ் மார்க் ஓ. உழைத்தவர்களுக்கு முதல் வகுப்பு ஓ. அது மூக்கு வழியாகக் கொஞ்சம் நீளும். ஏதோ ஒரு வருடம் ஒருவருக்கு மட்டும் தங்கப்பதக்க ஓ. அதைக் கேட்டுத் தேர்வாளர் ஒருவர் கைக்குட்டையை எடுத்துவிட்டார் என்று சொல்வார்கள்.

பாடம் முடிந்ததும் பயிற்சி ஆசிரியர்கள் கனமான குறிப்பேடு ஒன்றில் எழுதுவார்கள். அதில் இரண்டு கட்டம். கற்பவரின் முன்னறிவு: இல்லை. பாடத்துக்குப் பின்: நன்கு புரிந்துகொண்டார். மறு வருடம் மறுபடி, முன்னறிவு: இல்லை. எல்லோருக்கும் உண்மை தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நோட்டில் ஏறியதெல்லாம் நோட்டோடு போகட்டும் என்று அவளும் விட்டிருந்தாள்.

மூன்றாம் வருடம் வந்தவள் மைனா. துறுதுறுவென்று குரல், அதனால் முதல்பெஞ்சு வைத்த பெயர். தேர்வன்று அந்தக் குரலைக் காணோம். விளக்கைப் போட்டாள், உருண்டையை எடுத்தாள், "பூமியோட நிழல்" என்று ஆரம்பித்தாள், நின்றாள். தேர்வாளர் பேனா மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது. மேஜைக்குக் கீழே மைனாவின் முழங்கால் மேஜைக்காலில் தடதடவென்று அடித்துக்கொண்டது.

முதல்பெஞ்சு உருண்டையை அவள் கையிலிருந்து மெல்ல வாங்கினாள்.

"டீச்சர், ஒரு சந்தேகம். விளக்கும் நிலாவும் எனக்கு முன்னாடி ஒரே பக்கம் இருந்தா, என் நிழல் பின்னாடிதானே விழும்? நிலா மேல எப்படி விழும்?"

"ஆ... ஆமா. விழாது."

"அப்போ இப்படிச் சீப்பால கீறி, இந்தப் பக்கம் இருட்டு, இந்தப் பக்கம் வெளிச்சம்னு வெச்சுக்கலாமா டீச்சர்?"

"வெச்சுக்கலாம். வெச்சுக்கலாம்!"

இப்படிக் கேள்விக்குள்ளேயே பதிலைப் பொதிந்து பொதிந்து கொடுத்து, பாடம் முழுவதையும் முதல்பெஞ்சு எடுத்து முடித்தாள். கடைசியில் தங்கப்பதக்க ஓ. மைனாவுக்கு அந்த வருடம் முதலிடம். வழவழப்பும் சொரசொரப்புமான உருண்டை 'புதுமையான கற்பித்தல் கருவி' என்று தேர்வாளர் கையால் பாராட்டு வாங்கியது.

வெளியே வந்த மைனா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அக்கா, இந்த உதவியைச் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்." குரலில் துளிப் பொய் இல்லை. முதல்பெஞ்சின் காதுக்குத் தப்பும் பொய் ஏது?

அன்றிலிருந்து வாய்க்கு வாய் அக்கா. வியாழக்கிழமை மதியம் இரண்டு பேரும் சேர்ந்துதான் சாப்பிடுவார்கள். மைனா விரிவுரையாளர் ஆனாள், பிறகு துறைக்கே தலைவி ஆனாள். புருஷனோடு சண்டை போட்டாலும் அக்காவிடம்தான் முதலில் வந்து கொட்டுவாள். "அக்கா, இந்தக் கோர்ஸுக்கு நிஜமான டீச்சர் நீங்கதான். என்னைக்காவது ஒருநாள் உங்களை அந்தப் பெஞ்சிலேர்ந்து எழுப்பி மேடையில நிக்க வெப்பேன், பாருங்க" என்பாள். பதினேழு வருடமாகச் சொன்னாள்.

இதற்கிடையே யாரும் இல்லாமல் தானே பேசும் டெலிபோன் மெஷின் வந்தது. ஆபரேட்டர் அறையைப் பூட்டிவிட்டு முதல்பெஞ்சை மைனாவின் துறைக்கே உதவியாளராக அனுப்பினார்கள். வருடாந்தரக் கணக்கெடுப்புக்கு வந்த ஜலதோஷம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வாசித்தார்: "பூகோள உருண்டை ஒண்ணு, பிரெயில் பலகை ஒம்பது, டேப் ரெக்கார்டர் ஒண்ணு, அது ரிப்பேர்."

"முதல்பெஞ்சு ஒண்ணு, அது நல்லா ஓடுதுன்னு எழுதிக்குங்க" என்றாள் அவள். அறையே சிரித்தது.

சிரிப்புக்கு அடியில் அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. பாடம் எடுக்க வேண்டும். நடிக்காமல், தெரிந்ததைத் தெரிந்ததாகச் சொல்லி, ஒரு வகுப்பு முன்னால் நிற்க வேண்டும். அதற்கும் ஒரு வழி திறந்தது. அந்தப் படிப்புக்குச் செய்முறைப் பயிற்றுநர் என்று ஒரு புதுப் பதவி வருகிறது. அதற்கு அந்தப் படிப்பையே முடித்திருக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு இடம் பல்கலைக்கழக ஊழியருக்கு ஒதுக்கீடு. பட்டம் அவளிடம் இருந்தது. போன் மணிகளுக்கு நடுவே கேசட்டில் கேட்டுக் கேட்டு வாங்கிய வரலாற்றுப் பட்டம். வயது மட்டும்தான் இடித்தது. நாற்பத்தேழு தாண்டினால் சேர முடியாது. அவளுக்கு நாற்பத்தாறு முடிந்து ஏழு மாதம். இந்த வருடம் விட்டால் ஜென்மத்துக்கும் இல்லை.

விண்ணப்பத்தோடு துறைத் தலைவியின் பரிந்துரை வேண்டும்.

"இதெல்லாம் ஒரு பேச்சா அக்கா?" என்றாள் மைனா. "நானே எழுதி நானே கொண்டுபோய்க் கொடுக்கறேன். நீங்க புதுப் பை வாங்குங்க, காலேஜ் போற பொண்ணு மாதிரி."

அவள் நிஜமாகவே புதுப் பை வாங்கினாள். வீட்டில் அவளும் சித்தியும் மட்டும். அம்மாவின் தங்கை, எழுபது வயது, கண் கழுகு, காது செவிடுக்கு ரெண்டு வீடு தள்ளி. ஒருத்தியால் படிக்க முடியாது, ஒருத்திக்குக் கேட்காது என்பதால் அந்த வீட்டில் பேச்சு எப்போதும் தெருவுக்கே ஒலிபரப்பு. முதல்பெஞ்சு சாயங்காலத்தில் சுவரோரம் நின்றுகொண்டு சித்தியை வகுப்பாக்கிப் பாடம் எடுத்துப் பழகினாள்.

"புரிஞ்சுதா சித்தி?"

"இல்லடி. ஆனா நல்லா கையை ஆட்டற. அது போதும், வேலை கிடைச்சிரும்."

ஒரு மாதம் கழித்து உறை வந்தது. பிரித்துத் தடவிப் பார்த்தாள். ஒரு புள்ளி கூட இல்லை. வழுவழுப்பான அச்சுக் காகிதம். பிரெயில் கற்றுத்தரும் துறையிலிருந்து வந்த கடிதத்தை அவளால் படிக்க முடியவில்லை. சித்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். தெருவில் காய் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் வரை கேட்கும் குரலில் வாசித்தாள்.

"விண்ணப்பதாரரின் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டது. துறைத் தலைவி அனுப்பியுள்ள பத்தொன்பது ஆண்டுக் கற்பித்தல் குறிப்பேடுகளின்படி, விண்ணப்பதாரர் ஒரே பாடத்தை ஒவ்வோர் ஆண்டும் புதிதாகக் கற்க வேண்டிய நிலையிலேயே உள்ளார். எனவே இப்படிப்பில் சேரும் தகுதி அவருக்கு இல்லை எனக் குழு... என்னடி இது? நிலா ஏன் தேயுதுன்னு உனக்குப் பத்தொன்பது வருஷமா தெரியலையாமே!"

முதல்பெஞ்சு வெறும் உறையை இரண்டாக மடித்தாள்.

"எனக்கே தெரியுமேடி, நீ உருட்டி உருட்டிக் காட்டுவியே. இரு, இன்னும் இருக்கு. இணைப்பு, மாதிரிப் பக்கம் மூணு. இது கையால எழுதினது. கற்பவரின் முன்னறிவு: இல்லை. கற்பவருக்கு அடிப்படைக் கருத்துகளும் தெரியவில்லை. மிகுந்த பொறுமையுடன் விளக்க வேண்டியிருந்தது. தேதி பதினேழு வருஷத்துக்கு முந்தி. கீழ கையெழுத்து..." சித்தியின் குரல் முதல் முறையாகத் தணிந்தது. "இது அந்தப் பொண்ணு கையெழுத்துடி. தீபாராதனை தட்டு மாதிரி சுழிச்சுப் போடுவாளே. உன் மைனா."

பொறுமையுடன் விளக்க வேண்டியிருந்ததாம். முதல்பெஞ்சு அந்தக் காகிதத்தை வாங்கி மறுபடி ஒரு தடவை தடவினாள். எதுவும் கையில் தட்டுப்படவில்லை. பதினேழு வருடமாக அந்த எழுத்து அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது. இவள் அதே அலமாரியில் சாய்ந்துகொண்டு அவளோடு சாப்பிட்டிருக்கிறாள். குரலில் பொய் இருந்தால் பிடித்திருப்பாள். காகிதத்துக்கு ஏது குரல்?

மறுநாள் வியாழக்கிழமை. மைனாவின் அறைக்குச் சாப்பாட்டுப் பை இல்லாமல் போனாள். கதவைத் திறந்ததும் நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது.

"அக்கா... வாங்க. உக்காருங்க. நானே வரணும்னு இருந்தேன்."

"நீங்க ஏன் வரணும் மேடம்? கடுதாசிதான் வந்துச்சே."

அந்த 'மேடம்' அறைக்குள் ஒரு பாத்திரம் போல விழுந்தது. தனியாக இருக்கும்போது அவள் மைனாவை அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

"அக்கா, நான் ஒண்ணும் எழுதல. கமிட்டியில ரெக்கார்டு கேட்டாங்க. எங்கிட்ட இருந்த ரெக்கார்டு அதான். அதை அனுப்பினேன். அவ்வளவுதான்."

"நான் நடிச்சேன்னு ஒரு வரி சேர்த்திருக்கலாமே."

மைனா எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

"எப்படி எழுதறது? நீங்களே சொல்லுங்க. நீங்க நடிச்சீங்கன்னா, பத்தொன்பது வருஷப் பரீட்சையும் பொய்யாயிடும். முந்நூறு பேரோட சர்ட்டிஃபிகேட். அத்தனை பேரும் எங்கெங்கயோ வேலையில இருக்காங்க."

"முந்நூறு பேருக்காகவா பயந்தீங்க?"

மைனா நாற்காலிக்குத் திரும்பி வந்தாள். "என்னோடதும்தான் அக்கா. நான் முதலிடம் வாங்கினதால இந்த நாற்காலிக்கு வந்தேன். அதைத் தொட்டா எல்லாம் சரிஞ்சுடும்." பிறகு குரலைத் தேனாக்கிக்கொண்டாள். "இன்னொண்ணு யோசிச்சுப் பாருங்க. நீங்க அந்தப் பக்கம் போயிட்டா, முதல் பெஞ்சுல யாரு உக்காருவா? உங்களை மாதிரி ஒரு மாணவி எங்களுக்கு எங்க கிடைப்பாங்க?"

அவள் அதைப் பாராட்டாகத்தான் சொன்னாள். அதுதான் கொடுமை.

"நீங்க வாயைத் திறந்து பொய் சொல்லியிருந்தா நான் பிடிச்சிருப்பேன் மேடம்" என்றாள் முதல்பெஞ்சு. "புத்திசாலி நீங்க. பேசவே இல்ல, அனுப்பிட்டீங்க."

தேர்வு அடுத்த வாரம். அவள் போக மாட்டாள் என்றுதான் சித்தி நினைத்தாள். "போனா உன் காலை ஒடிச்சுப் போடுவேன். அவளே கண்ணைக் கட்டிக்கிட்டு உக்காரட்டும்" என்று தெருவுக்கே அறிவித்தாள். ஆனால் இவள் போகாவிட்டால் தேர்வு நின்றுவிடும். பத்தொன்பது பேர் ஒரு வருடத்தை இழப்பார்கள். அந்தப் பத்தொன்பது பேர் இவளுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. போனாள். முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

வெளித் தேர்வாளர் புதியவர்; ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர். ஷூ கிறீச் கிறீச் என்றது. அவர் எங்கே நிற்கிறார் என்பது அவர் காலில் மணி கட்டியதுபோல அவளுக்குத் தெரிந்தது. முதலில் வந்த பெண்ணுக்குப் பேசுவதற்கு முன்னால் நெஞ்சு நிறையக் காற்றிழுக்கும் பழக்கம். பெருமூச்சு என்று இவள் பெயர் வைத்திருந்தாள். விளக்கைப் போட்டாள். களிமண் உருண்டை. வேறென்ன, நிலாதான்.

"முதல்ல முன்னறிவைச் சோதிக்கறேன்" என்று தேர்வாளருக்குச் சொல்லிவிட்டு, காற்றிழுத்துக்கொண்டு கேட்டாள். "நிலா ஏன் தேயுதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

இழுத்த காற்று வெளியே வரவில்லை. பின்வரிசையில் ஒரு பேனா விழுந்து உருண்டது.

"தெ... தெரியுமா?"

"தெரியும்மா. நோட்டுல அந்தக் கட்டத்துல என்ன எழுதியிருக்கே?"

"இல்லைன்னு... நேத்தே எழுதிட்டோம். எல்லாரும் அப்படித்தான் எழுதணும்னு..."

ஷூ ஒருமுறை கிறீச்சிட்டது.

"அடிச்சுட்டு உண்டுன்னு எழுது. பயப்படாதே. தெரிஞ்சவளுக்குப் பாடம் எடுக்கறது எப்படின்னு உனக்கு யாரும் சொல்லித் தரல. அது உன் தப்பில்ல. உருண்டையை இங்க கொடு. நீ சொல்ல வந்ததைச் சொல்லு. எங்க உதைக்குதோ அங்க நான் நிறுத்தறேன்."

பெருமூச்சு நிழல் என்று சொல்ல, இவள் நிறுத்தினாள். அந்தப் பெண்ணைக் கண்ணை மூடச் சொன்னாள். உருண்டையில் பாதியைச் சீப்பால் கீறி, வழவழப்பையும் சொரசொரப்பையும் அவள் விரலுக்குக் காட்டினாள். விளக்கின் சூடு கன்னத்தில் எந்தப் பக்கம் என்று கேட்டாள். உருண்டையைச் சுற்றிக் கொண்டுவரச் செய்தாள். பாதிச் சுற்று வந்தபோது அந்தப் பெண் தன்னை அறியாமல், "ஓ!" என்றாள். பத்தொன்பது வருடத்தில் அந்த அறையில் எழுந்த முதல் நிஜமான ஓ அது. எந்தத் தரத்திலும் சேராத, பாதி உடைந்த ஓ.

முதல்பெஞ்சுக்குக் காது சுட்டது. இதற்காகத்தான் புதுப் பை வாங்கினாள். இனி யாரும் எதையும் மறைக்க முடியாது என்று நினைத்தாள்.

அப்போது, துறைத் தலைவியாகத் தேர்வைப் பார்க்க வந்திருந்த மைனா சிரித்தாள். அந்தப் பழைய துறுதுறு குரல்.

"பார்த்தீங்களா சார்? இவங்க இங்க வந்தப்போ இவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது, ரெக்கார்டு இருக்கு. இன்னைக்கு இன்னொருத்தருக்குச் சொல்லித்தர அளவுக்கு வந்துட்டாங்க. எங்க கோர்ஸோட வெற்றிக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?"

"அருமை" என்றார் தேர்வாளர். கை தட்டினார். அவரைப் பார்த்து எல்லோரும் தட்டினார்கள்.

வீட்டில் புகுந்து திருடுவது ஒன்று. திருட்டுப்போனதை நாம் பிடித்துக் கையில் எடுக்கும்போது, "நான் கொடுத்த பரிசு" என்று நாலு பேர் முன்னால் சொல்வது வேறொன்று. கைதட்டல் ஓயும் வரை முதல்பெஞ்சு அசையாமல் இருந்தாள். பிறகு எழுந்தாள். மைனா நிற்கும் இடம் அவளுக்குத் தெரியும்; எப்போதும் ஜன்னலோர மேஜையை ஒட்டி. எட்டு அடி நடந்து போய், அந்த உருண்டையை மைனாவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"எல்லாம் நீங்க சொல்லிக் கொடுத்தது மேடம். நான் முழுக்கச் சரியாச் சொன்னேனான்னு சந்தேகமா இருக்கு. நீங்க ஒரு தடவை சொல்லிக் காட்டுங்க. சாரும் கேட்கட்டும். நிலா ஏன் தேயுது?"

"அது... இப்பதான் அக்கா நீங்களே..."

"நான் மாணவிதானே."

தேர்வாளர் சிரித்தபடி, "சொல்லுங்க மேடம், இது நல்லா இருக்கே" என்றார். ஷூ அருகே வந்தது.

மைனா தொண்டையைச் செருமினாள். உருண்டையைத் திருப்பும் சத்தம் கேட்டது. நகம் சொரசொரப்பில் உரசியது. "நிலா... பூமியைச் சுத்தி வரும்போது... நம்ம பூமியோட நிழல்..." நின்றாள். கீழே எங்கோ மேஜைக்கால் தடதடவென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது.

அந்தச் சத்தம் முதல்பெஞ்சுக்கு மனப்பாடம். உடனே கேள்வியும் தானாகத் தொண்டைக்கு வந்தது: டீச்சர், விளக்கும் நிலாவும் எனக்கு முன்னாடி ஒரே பக்கம் இருந்தா, என் நிழல் பின்னாடிதானே விழும்? ஒரே ஒரு கேள்வி. கேட்டிருந்தால் மைனா பிடித்துக்கொண்டு கரையேறியிருப்பாள்.

முதல்பெஞ்சு எச்சிலை விழுங்கினாள். கேள்வியும் உள்ளே போனது.

"நிழலா?" என்றார் இயற்பியல்காரர்.

முதல்பெஞ்சு தன் கோலைத் தடவி எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அதனால் மைனா தலைகுப்புற விழுந்தாள், நாற்காலி போனது என்றெல்லாம் சொன்னால் உங்களுக்கு இனிக்கும்; எனக்கும் சொல்ல இனிக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. தேர்வாளர் நாகரிகமானவர், நேரமாகிவிட்டது என்று அடுத்தவரைக் கூப்பிட்டார். முதல் பெஞ்சில் நூலகத்து வாட்ச்மேனைக் கண்ணைக் கட்டி உட்கார வைத்தார்கள். அவர் எல்லாவற்றுக்கும் "ஓ" என்றார். எல்லோரும் பாஸ், பெருமூச்சுக்கு முதல் வகுப்பு. ஆண்டறிக்கையில் முதல்பெஞ்சும் பெருமூச்சும் உருண்டையோடு நிற்கும் படம் வந்தது. கீழே, 'துறைத் தலைவியின் புதுமையான முறையில் பயின்று பயன்பெற்றவர்' என்று இருந்ததைச் சித்தி பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தாள். ஊழியருக்கான அந்த ஒரு இடம் ஜலதோஷத்துக்குப் போனது.

"வாழ்த்துச் சொல்லலையா?" என்று கேட்டார் அவர், மூக்கை உறிஞ்சியபடி.

"சொல்றேன் சார். என்ன பாடம் எடுக்கப் போறீங்க?"

"நிலா ஈஸின்னு சொல்றாங்க."

அவளுக்கு நாற்பத்தேழு முடிந்தது. தானாக எழுதிக் கேட்டு, வாசலில் இருக்கும் விசாரணைச் சாளரத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாள். சாளரத்துக்கு ஒரு வட்டத் துளை, உள்ளே ஒரு நாற்காலி. வருகிறவர்களுக்கு வழி சொல்ல வேண்டும். வந்த மூன்றாம் நாளே காலடியை வைத்துக் கட்டண வரிசைக்கு வந்தவர் யார், சண்டை போட வந்தவர் யார் என்று பிரித்துவிட்டாள். கரகரப்பும் கொட்டாவியும் போகும்போதும் வரும்போதும் குரல் கொடுப்பார்கள். பெயர் கேட்காமலே பதில் சொல்லுவாள்.

ஒரு வியாழக்கிழமை மதியம். வரிசை கலைந்திருந்தது. சாளரத்துக்கு முன்னால் வளையல் உரசும் சத்தம், டிபன் பாத்திரம் ஒன்று பலகையில் வைக்கப்படும் சத்தம்.

"அக்கா" என்றது குரல். கொஞ்சம் அடைத்திருந்தது, அழுதிருக்கலாம். "அக்கா, சாப்பிட்டாச்சா?"

முதல்பெஞ்சு துளைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தாள். இருபது வருடம் யாரிடமும் மறு தடவை கேட்காத கேள்வியை, புதிதாக வந்தவர்களிடம் பேசும் அதே மரியாதையோடு கேட்டாள்.

"யாருங்க பேசறது?"